ஒரு வரைபடம், இரண்டு மில்

"நான்தான் வடிவேலு" என்றார் அந்த ஆள்.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். எதிரே நின்றவருக்கு மீசை முழுக்க வெள்ளை. காக்கிச் சட்டை, கையில் தடி, இடுப்பில் சாவிக்கொத்து. வாயில் பல் இருந்த இடத்தைவிட இல்லாத இடம் அதிகம். மறுநாள் காலையில் எனக்கும் வடிவேலு என்பவருக்கும் கல்யாணம்.

மாமா தூக்கி வந்த தகரப் பெட்டி 'தடால்' என்று கீழே விழுந்தது.

"மாப்பிள்ளைக்குச் சின்ன வயசுன்னு சொன்னாங்களே" என்றார் மாமா.

"எந்த மாப்பிள்ளை?"

"நீங்கதான்!"

"அட போய்யா! எனக்குப் பேரன் கல்யாணத்துக்கு நிக்கிறான்!"

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. மூன்று நாள் தலை வாராமல், கப்பல் நாற்றம் போகாத புடவையோடு, ஒரு பெரிய செங்கல் கட்டடத்தின் வாசலில் நின்றுகொண்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமாவுக்கு வந்த கோபத்தை எழுத இந்தப் பக்கம் போதாது.

கப்பலையும், துறைமுகத்தில் எங்களை அடைத்து வைத்த நோய்த்தடுப்பு முகாமையும் போன வாரமே சொல்லிவிட்டேன். முகாமில் நாங்கள் பட்டதை நான் கூட்டிச் சொல்வதாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஐயா, அந்த முகாமில் நீங்கள் ஒரு வேளை கஞ்சி குடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பிறகு பேசுவோம்.

கிலாங்கு எங்கே இருக்கிறது?

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஒரே ஒரு சொல்.

எனக்கு இந்த நாட்டில் மாப்பிள்ளை பார்த்துச் சொன்னவர், மாப்பிள்ளையோடு கூட வேலை செய்தவர். ஊருக்கு வந்தபோது எங்கள் வீட்டில் உட்கார்ந்து காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "வடிவேலுவுக்குக் கிலாங்குல மிஷின் பாக்குற பிட்டர் வேலை. சிவப்புச் செங்கல் கட்டடம். மூணு மாடி. ஒசந்த புகைக்கூண்டு. சுவர்ல எல்லாம் இரும்பு நட்சத்திரம் பதிச்சிருக்கும். வழி தவறினாலும் பயப்படாதீங்க. கிலாங்கு எங்கேன்னு கேளுங்க, சின்னப் பிள்ளைகூடக் காட்டும்."

மாமா அதை ஊர்ப் பெயர் என்று மனத்தில் எழுதிக்கொண்டார். பாவம், அவர் மேல் என்ன தப்பு? மலாய்க்காரர்கள் மில்லைக் 'கிலாங்' என்பார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதித் தமிழர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். "கிலாங்குக்குப் போறேன்" என்றால் மில்லுக்கு வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம்.

எங்களை அழைத்துப் போக மாப்பிள்ளை துறைமுகத்துக்கு வருவதாக ஏற்பாடு. ஆனால் முகாமிலிருந்து எங்களைச் சொன்ன நாளில் விடவில்லை. பிறகு திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், போங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். வெளியே எங்களுக்கென்று ஒரு முகமும் இல்லை. மாமா மீசையை முறுக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய், "கிலாங்குக்கு ரெண்டு டிக்கெட்" என்றார். அங்கிருந்த கிராணி கிள்ளானுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தார். வெள்ளைக்காரர்கள் கிள்ளானை அப்படித்தானே வாய்க்குள் போட்டுச் சொல்வார்கள்?

கிள்ளானில் இறங்கினோம். ஆற்றோரமாக நடந்தோம். கண்ணெதிரே சிவப்புச் செங்கல், மூன்று மாடி, புகைக்கூண்டு, சுவரெல்லாம் இரும்பு நட்சத்திரம்! சொன்னது சொன்னபடி அப்படியே நின்றது. அப்புறம் எப்படிச் சந்தேகம் வரும்? வாசலில் இருந்தவரிடம் "வடிவேலு இருக்காரா?" என்று கேட்டோம். அதற்கு வந்த பதிலைத்தான் மேலே படித்தீர்கள்.

அணைந்துபோன அக்கினி

நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாவிட்டால் என் பயம் உங்களுக்குப் புரியாது.

அது எனக்கு முதல் கல்யாணம் இல்லை. ஊரில் ஒரு தடவை மணையில் உட்கார்ந்து எழுந்தவள் நான். ஓமம் வளர்த்துக்கொண்டிருக்கும்போது காற்றடித்துப் பந்தல் கீற்று பறந்தது. கொட்டிய மழையில் அக்கினி அணைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், எழுந்தார்கள், போய்விட்டார்கள். அத்தோடு நான் ராசியில்லாதவள் ஆகிவிட்டேன். எந்த மழை எங்கே பெய்யும் என்று நானா முடிவு செய்கிறேன்? இதைக் கேட்டால் வாயாடி என்பார்கள். ஆமாம், வாயாடிதான்.

சம்பந்தம் பேசியவர் யோக்கியர். அதை மறைக்காமல் மாப்பிள்ளையின் அக்கா அஞ்சலையிடம் சொல்லிவிட்டார். தாய் தகப்பன் போனபின் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நடுங்காமல் அக்கினி எரிய வேண்டும். தாலியில் நாத்தனார் போடும் முடிச்சு விழுகிறவரைக்கும் எரிய வேண்டும். எரியாவிட்டால் முடிச்சுப் போட அவர் கை வராது. வந்த கப்பலிலேயே பெண் திரும்பிப் போக வேண்டியதுதான்.

திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் வீட்டில் அண்ணி முகத்தைப் பார்த்து ஒரு வாழ்நாள்.

ஜாகா வடிவேலு காட்டிய மாளிகை

நான் சிரித்து முடித்த பிறகு கிழவர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது கிள்ளான்லா! நீங்க தேடுறது பிரிக்பீல்ட்ஸ் கிலாங்கு, கோலாலம்பூர்ல இருக்கு. இதோட கூடப்பிறந்தது அது. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே அச்சு. சாயங்கால ரயில்ல ஏத்திவிடறேன். இப்ப வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க."

அவர் அந்த மில்லின் காவல்காரர். இந்த நாட்டில் ஜாகா என்பார்கள். ஞாயிற்றுக்கிழமையானதால் மில்லில் அவரைத் தவிர ஆளில்லை. தன் வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோல அந்தக் கட்டடத்தை எங்களுக்குச் சுற்றிக் காட்டினார். நான் அதுவரை பார்த்த பெரிய கட்டடம் எங்கள் ஊர்க் கோயில்தான். கோயிலுக்கு அடுத்தபடி ஒரு கட்டடத்தைப் பார்த்து வாய் பிளந்தது அன்றுதான்.

உள்ளே நுழைந்ததும் தேங்காயெண்ணெய் வாசனை மூக்கை நிறைத்தது. காய்ந்த கொப்பரை மலை மலையாகக் குவிந்து கிடந்தது. வரிசை வரிசையாக இரும்புத் தூண்கள் மாடியைத் தாங்கி நின்றன. நான் ஒன்றைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன், இரண்டு கையும் தாராளமாக எட்டின. இவ்வளவு மெலிந்த தூண் இத்தனை பாரத்தைச் சுமக்குமா என்று கேட்டேன். "சீமையில வார்த்து, கப்பல்ல வந்தது. பேரு பொறிச்சிருக்கு பாரு" என்றார். தூணில் இங்கிலீஷ் எழுத்துகள் புடைத்திருந்தன. தடவிப் பார்த்தேன், வெயில் நேரத்திலும் சில்லென்று இருந்தது.

"அந்த நட்சத்திரமெல்லாம் அழகுக்கா?" என்று கேட்டேன்.

"அழகுக்கு வெள்ளைக்காரன் காசு செலவழிப்பானா? இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவுல கம்பி ஓடுது. ரெண்டு முனையிலும் நட்சத்திரம் போட்டு முறுக்கியிருக்கான். மிஷின் அதிர்ற அதிர்ச்சியில சுவர் வெளியே சாயாம இழுத்துப் பிடிச்சிருக்கு."

கூரை ஏன் இத்தனை செங்குத்து? அவர்கள் நாட்டில் பனி கொட்டுமாம். அது கூரையில் தங்காமல் வழுக்கி விழ வேண்டுமாம். வரைபடம் அங்கே போட்டது, கட்டியது இங்கே. கிள்ளானில் பனிக்கு எங்கே போவது? ஆனால் மழை வந்தால் ஒரு சொட்டு நிற்காமல் ஓடிவிடும் என்றார் கிழவர்.

வரைபடம் சீமையுடையதுதான். செங்கல்லும் கைகளும் நம்முடையவை. இரண்டு மில்லுக்கும் செங்கல் பிரிக்பீல்ட்ஸ் சூளைகளில் வெந்தது. சீனத் தச்சர்கள் இந்த நாட்டுக் கெட்டி மரத்தில் மாடித் தளம் போட்டார்கள். கொத்து வேலையும் சித்தாள் வேலையும் நம் ஆட்கள். ஜன்னல் வளைவுகளைப் பார்க்க வேண்டும்! ஆப்பு ஆப்பாகச் செதுக்கிய செங்கல்லை விசிறிபோல் அடுக்கியிருந்தார்கள். ஒரு பொட்டு இடைவெளி கிடையாது. முகம் தெரியாத அந்தக் கொத்தனாரின் கைக்கு அன்றே ஒரு கும்பிடு போட்டேன்.

கடைசியாக எங்களை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போனார். மில்லுக்கும் அந்த அறைக்கும் நடுவே முழு இரும்பில் ஒரு கதவு. சுவரும் ஒரு முழத்துக்கு மேல் கனம். மில் பக்கம் தீப்பிடித்தால் ஆபீஸ் பக்கம் வராதிருக்கவாம்.

அறையின் ஓரத்தில், சுவருக்குள் குடைந்தாற்போல் ஒரு பெரிய மாடம். அதில் கிழவரின் குடை, ஒரு பழைய சாக்கு, சாக்கின் மேல் ஒரு பூனை, அதன் குட்டிகள்.

"இது என்ன மாடம்? எந்தச் சாமிக்கு?"

கிழவர் சிரித்தார். "சாமியுமில்ல பூதமுமில்ல. அடுப்பு. குளிர்காய."

"இந்த ஊர்லயா!" மாமா மேல்துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வரைபடத்துல இருந்துச்சு, கட்டிட்டாங்க. எதுக்குன்னு ஒருத்தனும் கேக்கலை. பிரிக்பீல்ட்ஸ்லயும் இதே எடத்துல இதே மாதிரி கட்டியிருக்காங்க. இன்னைவரைக்கும் ரெண்டுலயும் தீ வச்சதில்ல." மாடத்துக்குள் கையைவிட்டு எதையோ இழுத்தார். ஓர் இரும்புத் தட்டு கிறீச்சென்று நகர்ந்தது. "குனிஞ்சு பாரு" என்றார். குனிந்து பார்த்தேன். தலைக்கு மேலே, நெடுந்தூரத்தில், உள்ளங்கையளவு வானம் தெரிந்தது.

தா போலே!

பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. ரிக்‌ஷாவில் தொப்பலாக நனைந்து போய் இறங்கினோம். மில் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, கூர்மையான கண்.

"என் தம்பி அங்க துறைமுகத்துல தேடி அலையறான். நீங்க கிள்ளான்ல என்ன, திருவிழா பாத்துட்டு வர்றீங்களா?" என்று கேட்டவர், மறு நிமிஷமே என் தலையைத் துவட்டத் துண்டை நீட்டினார். அவர் அப்படித்தான். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

முகூர்த்தத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை முகம் பார்க்கக் கூடாது என்று என்னைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். மழை விடவே இல்லை. மறுபடியும் மழையா!

விடிந்து பார்த்தால் ஆறு பெருகி ரோட்டுக்கு வந்திருந்தது. பந்தல் படுத்துவிட்டது. லயத்து வீடுகளுக்குள் கணுக்கால் தண்ணீர், கோயில் வாசலில் இடுப்பளவு. அந்த வட்டாரத்தில் நனையாமல் நின்றது மில் ஒன்றுதான். ஆற்றங்கரை என்று தெரிந்தே அதன் அடித்தளத்தை ஆள் உயரத்துக்குச் செங்கல்லால் தூக்கிக் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் வெள்ளம் ஓட, அது மட்டும் சட்டை செய்யாமல் நின்றது. முந்தின நாள் பார்த்த அதே கட்டடம், செங்கல்லுக்குச் செங்கல்!

மில் துரை நல்ல மனுஷர். புதிதாக வந்தவர். கல்யாணத்தை மில்லுக்குள் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். எல்லாரும் சாமான்களோடு படியேறினோம். ஐயர் ஓமத்துக்குச் செங்கல் அடுக்க ஆரம்பித்ததும் துரை பாய்ந்து வந்தார்.

"நெருப்பு இல்லே! நெருப்பு தா போலே! எண்ணெய் மில் இது! எல்லாம் போயிடும்!"

மலாயில் 'போலே' என்றால் ஆகும், 'தா போலே' என்றால் கூடாது என்று அர்த்தம். அவர் சொன்னதும் நியாயம்தான். காலடியில் கொப்பரைத் தூள், பலகையெல்லாம் எண்ணெய் ஊறிப்போயிருந்தது. சுருட்டுப் பிடித்தாலே வேலை போய்விடும் இடம் அது.

"ஒரு விளக்காவது..." என்று இழுத்தார் ஐயர்.

"விளக்கும் இல்லே!"

எல்லாரும் அஞ்சலையைப் பார்த்தார்கள். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"எனக்கு இந்தப் பொண்ணு மேல கோவம் ஒண்ணுமில்ல. ஆனா எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அக்கினி இல்லாம என் கையால முடிச்சு விழாது" என்றார்.

மாமா போய்த் தகரப் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டார். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குள் ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது. கல்யாணப் பெண் வாய் திறக்கக் கூடாது என்பார்கள். திறக்காமல் இருந்து ஒரு தடவை நான் பட்டது போதாதா?

"ஆபீஸ் அறையில தீ வைக்க எடம் இருக்கு" என்றேன்.

அத்தனை பேரும் திரும்பினார்கள். நேற்று வந்து இறங்கியவள், மில் வாசற்படியை அன்றுதான் மிதித்தவள்!

"பொண்ணு பயத்துல உளறுது" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"உளறலை. இரும்புக் கதவைத் தாண்டி, அறையோட ஓரத்துல, சுவருக்குள்ள இருக்கு. மேல தட்டு இருக்கும். இழுத்தா வானம் தெரியும்."

பீரோவுக்குப் பின்னால்

துரைக்கு என் தமிழ் பாதிதான் புரிந்தது. ஆனாலும் விடுவிடென்று நடந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். நான் சொன்ன இடத்தில் மாடம் இல்லை. ஒரு பெரிய மரப் பீரோதான் நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது.

"தள்ளுங்க" என்றார் அஞ்சலை. எல்லாருக்கும் முன்னால் அவரே தோள் கொடுத்தார்.

நாலைந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள். பீரோ முனகிக்கொண்டு நகர்ந்தது. அதன் பின்னால், தூசியும் ஒட்டடையுமாக, செங்கல் வளைவும் இரும்புக் கம்பித் தட்டுமாக என் அடுப்பு இருந்தது! எத்தனை வருஷத்துக்கு முன் யார் அந்தப் பீரோவை அங்கே வைத்தார்களோ, அங்கே வேலை பார்த்த ஒருவருக்கும் அது இருப்பது தெரியாது.

துரை தொப்பியைக் கழற்றிவிட்டு, "என் ஊட்லே... எங்க அம்மா ஊட்லே, இதே மாதிரி" என்றார். கண்ணெல்லாம் சிரிப்பு. "இங்கே நெருப்பு போலே! நல்லா போலே!"

ஆனால் மேல்தட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. துரை இழுத்தார், ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டு இழுத்தார், அசையவில்லை. "பிட்டரைக் கூப்பிடு" என்று யாரோ சொன்னார்கள்.

பிட்டர் யார்? மாப்பிள்ளைதான்.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுத்தியலும் எண்ணெய்க் குப்பியுமாக ஓர் ஆள் அடுப்புக்குள் மல்லாந்து நுழைந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. முட்டிக்குக் கீழே இரண்டு கால்தான் வெளியே தெரிந்தன, அவற்றில் நலங்கு மஞ்சள் அப்படியே இருந்தது. உள்ளே டங் டங் என்று அடி விழுந்தது. கடைசியில் தட்டு கிறீச்சிட்டுத் திறந்தது. ஒரு பழைய பறவைக் கூடு அப்படியே அவர் மேல் விழுந்தது.

வெளியே வந்தவரின் தலையெல்லாம் குச்சியும் சிறகும். என்னைப் பார்த்து, "வேற எங்கயாவது தட்டு இருக்கா?" என்று கேட்டார். அதுதான் என் புருஷன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எனக்கு அந்த க்ஷணமே அவரைப் பிடித்துப்போயிற்று. இதை அவரிடம் நான் கடைசிவரைக்கும் சொன்னதில்லை.

இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். வாசலில் துரையே மணல் வாளியோடு காவலுக்கு நின்றார். ஐயர் கம்பித் தட்டின் மேல் சமித்தை அடுக்கிக் கற்பூரத்தை வைத்தார். வெளியே மழை ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. தீ பற்றியது. ஒரு நிமிஷம் தயங்கியது. பிறகு புகைக்கூண்டு காற்றை மேலே இழுக்க ஆரம்பித்தது பாருங்கள்! தீ நிமிர்ந்து நின்று எரிந்தது. ஆடவில்லை, அசையவில்லை. நெய் விட விடக் குபுகுபுவென்று புகை கிளம்பியது. அத்தனையும் ஓர் இழை பிரியாமல் மேலே போயிற்று. என்றோ எங்கோ குளிரில் உட்கார்ந்து அந்த வரைபடத்தைப் போட்ட மகராசன் நன்றாக இருக்கட்டும். எதிரே இருந்தவர்கள் முகம் பளிங்குபோல் தெரிந்தது, அறையில் கற்பூர வாசனை மட்டும்தான் இருந்தது.

அவர் தாலியைக் கழுத்தில் வைத்து முதல் முடிச்சுப் போட்டார். பின்னால் அஞ்சலை வந்து நின்றார். நான் குனிந்தேன். இரண்டாம் முடிச்சு விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. விழுந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. என் தோளில் சொட்டுச் சொட்டாக ஈரம் பட்டது.

திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"சே, என்ன புகை இது! கண்ணைக் கரிக்குது" என்றார்.

"ஆமா அண்ணி, ரொம்பப் புகை" என்றேன் நான்.